அமைச்சருக்கு முற்கூட்டியே ஒரு நன்றியுரை

ஜேர்மனியில எங்கட மாநிலப் பாராளுமன்றத்தில ஒராள் பேச மேடைக்கு ஏறின உடனே முதல்ல நடக்கிறது, தண்ணிக் கிளாஸ் மாறுறது. கறுப்புக் கோட் போட்ட பணியாளர் சத்தமில்லாமல் வந்து, முன்னம் பேசினவர் குடிச்ச கிளாஸை எடுத்துக்கொண்டு போய்ப் புதுசு ஒண்டு வைப்பார். ஆளுங்கட்சிக்கும் எதிர்க்கட்சிக்கும் ஒரு வித்தியாசமும் இல்லாமல் கிடைக்கிற ஒரே சாமான் அந்தத் தண்ணிதான்.

அண்டைக்கு பேசி முடியுமட்டும் நான் அதைத் தொடவே இல்லை. குடிச்சால் அதுக்கும் நேரம் போகும். எங்கட கட்சி சின்னன், அதால எனக்குத் தாறது மூண்டு நிமிசம். மேடையில ஒரு குட்டி விளக்கு இருக்கு. நேரம் முடிய அது சிவப்பாகிக் கண்ணுக்குள்ள குத்தும்.

"மதிப்புக்குரிய சபைத் தலைவர் அவர்களே," எண்டு துவங்கினன். "நான் இண்டைக்கு உள்நாட்டு அமைச்சருக்கு மனமார நன்றி சொல்ல வந்திருக்கிறன்."

பேப்பர் புரட்டுற சத்தம் நிண்டுது. என்ட கட்சி வரிசையில ஒராளுக்குப் புரைக்கேறினது. எங்கட கட்சிக் குழுத் தலைவர் ஹோல்கர், எப்பவும் நான் பேசேக்க கைத்தொலைபேசியைத் தடவிக்கொண்டு இருக்கிற மனுசன், அதை மேசையில வைச்சுப்போட்டு நிமிர்ந்து பார்த்தார். அமைச்சர் தனக்குப் பின்னால வேற ஆரும் அமைச்சர் இருக்கினமோ எண்டு திரும்பிப் பார்த்தார். சத்தியமாத் திரும்பிப் பார்த்தார்.

இவளுக்கு என்ன விசரோ எண்டு நீங்களும் யோசிப்பியள். பொறுங்கோ, சொல்லுறன்.

பிள்ளை எங்கட, இனிஷியல் அவையின்ட

நான் கண்ணாடிக் கடையை விட்டுட்டுத் தேர்தலில நிண்ட கதையைப் போன கிழமை எழுதினன் எல்லோ. அதை வாசிச்சுப்போட்டு ஒரு வாசகி கேட்டிருந்தா: "அக்கா, எதிர்க்கட்சியில இருந்து கொண்டு உண்மையா என்னதான் செய்யிறியள்?" நல்ல கேள்வி. என்ட அப்பாவும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சோறு சாப்பிடேக்க இதைத்தான் கேக்கிறவர்.

நாங்கள் ஒரு பிரேரணை கொண்டு போவம். ஆளுங்கட்சி எதிர்க்கும். நல்லதெண்டாலும் எதிர்க்கும், கெட்டதெண்டாலும் எதிர்க்கும். வெளியில மழை பெய்யுது எண்டு நாங்கள் பிரேரணை கொண்டு போனால், நனைஞ்ச தலையோட இருந்து எதிர்த்துக் கை உயர்த்துவினம். இதில கோவிக்க ஒண்டுமில்லை. எங்கட ஆக்கள் ஆட்சியில இருந்த காலத்தில அவையும் உதைத்தான் செய்தவை.

ஒருக்கா, தொண்டர் தீயணைப்புப் படையில சேருற பொம்பிளையளுக்கு அளவான உடுப்புக் குடுங்கோ எண்டு கேட்டனான். ஆம்பிளையளின்ட காற்சட்டையை நாடாவால இறுக்கிக் கட்டிக்கொண்டு ஏணியில ஏறுதுகள், பாவங்கள். "தேவையற்ற பிரேரணை" எண்டு தோற்கடிச்சினம். அடுத்த வருசம் அமைச்சர் அதே யோசனையைத் தன்ட புதுத் திட்டம் எண்டு அறிவிச்சு, ஒரு தீயணைப்புப் பிள்ளைக்குப் பக்கத்தில நிண்டு படமும் எடுத்தார். பிள்ளை எங்கட, இனிஷியல் அவையின்ட!

எனக்கு எரிச்சல் எண்டால் அப்பிடி ஒரு எரிச்சல். பேந்து படத்தை வடிவாப் பார்த்தன். காற்சட்டை அந்தப் பிள்ளைக்கு நல்ல அளவா இருந்தது. எரிச்சல் கொஞ்சம் இறங்கினது.

ஆனால் ஜெசிந்தாவுக்கு அடுத்த வருசம் வரைக்கும் பொறுக்க ஏலாது.

ஜெசிந்தாவின்ட திங்கட்கிழமை

கெல்சென்கிர்ச்சனில என்ட சின்ன அலுவலகத்தில கிழமைக்கு ஒரு நாள் ஆக்களைச் சந்திக்கிறனான். குப்பை வண்டி வரேல்லை, பக்கத்து வீட்டு நாய் குலைக்குது, இப்பிடித்தான் வருவினம். அண்டைக்கு வந்தவ நாகர்கோவில் பிள்ளை, ஆஸ்பத்திரியில தாதி. பேர் ஜெசிந்தா. வாசல்லயே செருப்பைக் கழட்டப் போனா.

"ஐயோ பிள்ளை, இது கந்தோர். செருப்போட வாங்கோ."

"சாரி மேடம், பழக்கம்."

"மேடம் எண்டாதேங்கோ. பவானி அக்கா எண்டு சொல்லுங்கோ."

இருந்த உடனே கொட்டினா. "அக்கா, என்னோட ரெசிடென்ஸ் கார்டு இந்த வெள்ளிக்கிழமையோட முடியுது. நான் ரொம்ப முன்னாடியே ஆன்லைன்ல அப்ளை பண்ணிட்டேன். வந்து சேர்ந்துச்சுன்னு மெயிலும் வந்துச்சு. அதுக்கப்புறம் டெர்மின் தரவே இல்ல. தினமும் ஃபோன் பண்றேன், மியூசிக்தான் வருது. எச்.ஆர். மேடம் நல்லவங்கதான். ஆனா ஆபீஸ் குடுக்கிற தாள் இல்லாம மண்டேலேர்ந்து ட்யூட்டி போட முடியாதுன்னுட்டாங்க."

டெர்மின் எண்டால், அதுதான் முற்கூட்டியே எடுக்கிற சந்திப்பு நேரம், உங்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. இந்த நாட்டில பல்லுப் பிடுங்கவும் டெர்மின், தலைமயிர் வெட்டவும் டெர்மின். ஆனால் வெளிநாட்டவர் அலுவலகத்தில டெர்மின் எடுக்கிறது தனி ஆக்கினை.

கேளுங்கோ, சட்டம் ஜெசிந்தாவின்ட பக்கம். கார்ட் முடிய முதல் விண்ணப்பிச்சிட்டால், முடிவு வருமட்டும் பழைய உரிமை அப்பிடியே தொடரும். ஆனால் ஆஸ்பத்திரி சட்டத்தை நம்பாது, தாளைத்தான் நம்பும். தாள் வேணுமெண்டால் அலுவலகத்துக்குப் போகவேணும். அலுவலகத்துக்குப் போக டெர்மின் வேணும். டெர்மின் கோடை முடியத்தான் கிடைக்கும். இப்பிடியே சுத்திச் சுத்தி வந்தால் மனுசருக்குத் தலை சுத்தாமல் என்ன செய்யும்?

"வீட்டுக்காரரும் பாப்பாவும் அடுத்த மாசம் வர்றதா இருக்கு அக்கா. எனக்கு வேலை இருந்தாத்தான் அவங்களுக்கு விசா. பாப்பா இப்பவே பெட்டி அடுக்கிட்டா. தினம் தொறந்து பார்த்துட்டு மூடி வைக்கிறாளாம்." இதைச் சொல்லிப்போட்டுச் சிரிச்சா. சிரிச்ச வாய் மூடுறதுக்குள்ள அழுதுபோட்டா.

தேத்தண்ணி போட்டுக் குடுத்தன். வேற என்ன செய்ய?

செய்யேல்லை எண்டும் இல்லை. இப்பிடி டெர்மினுக்காக நிண்டு காயுறவை கனபேர். அவைக்காக ஒரு பிரேரணை ஏற்கெனவே குடுத்திருந்தன், அது அந்தப் புதன்கிழமை விவாதத்துக்கு வர இருந்தது. தோற்கும் எண்டு எனக்கும் தெரியும், சபைக்குத் தண்ணி வைக்கிற பணியாளருக்கும் தெரியும். குழுக் கூட்டத்தில அமைச்சரிட்ட நேரடியாவும் கேட்டிருந்தன். "அது அந்தந்த அலுவலகங்களின்ட பொறுப்பு. எதிர்க்கட்சி இல்லாத பூதத்தைக் காட்டுது" எண்டு சொல்லி மனுசன் பிஸ்கற்றைக் கடிச்சார்.

போகேக்க ஜெசிந்தா என்ட கையைப் பிடிச்சா. "ரொம்ப தேங்க்ஸ் அக்கா. நீங்க பண்ணிடுவீங்கன்னு தெரியும்."

நான் ஒரு வாக்கும் குடுக்கேல்லை! பார்ப்பம் எண்டுதான் சொன்னனான். ஆனால் நன்றியை வாங்கிப்போட்டன். இனி எங்க ஓடுறது?

பஸ்ஸுக்கு நிக்கேக்கதான் எனக்குக் குணம் அண்ணையின்ட ஞாபகம் வந்தது. தனிய நிண்டு சிரிச்சன். பக்கத்தில நிண்ட மனிசி தள்ளி நிண்டுது.

குணம் அண்ணையும் மைக்கும்

இந்த இடத்தில உங்களை ஒருக்கா கொலோனுக்குக் கூட்டிக்கொண்டு போகவேணும். நான் பள்ளிக்கூடம் படிச்ச காலம். அங்க ஒரு பாடசாலை மண்டபத்தை வாடகைக்கு எடுத்துத்தான் எங்கட தமிழ்ச் சங்கத்து விழாக்கள் நடக்கும். உள்ள போனால் ரோல்ஸ் பொரிச்ச எண்ணெய் மணமும் நனைஞ்ச குளிர்ச் சட்டை மணமும் கலந்து ஒண்டு வரும். இப்பவும் அந்த மணம் எங்கயாவது வந்தால், எனக்குச் சேலைப் பின் குத்துற மாதிரி இருக்கும்.

அங்க அறிவிப்பாளர் குணம் அண்ணை. ஆள் மெல்லிசு, குரல் மட்டும் மண்டபம் நிறையும். சங்கத்துக்கு என்ன வேலை ஆகவேணும் எண்டாலும், அவர் ஆரிட்டயும் கேக்க மாட்டார். கேட்டால் எங்கட ஆக்கள் சாட்டுச் சொல்லுவினம் எண்டு அவருக்குத் தெரியும். முதுகு நோ, வேலை நேரம் மாறிப்போச்சு, காருக்கு டயர் மாத்தவேணும், மாமி வாறா. அதால அவர் கேக்காமல் நன்றி சொல்லுவார். கடைசியா வாற நன்றியுரையில, மைக்கில, எல்லாருக்கும் முன்னால.

ஒருக்கா அகப்பட்டது என்ட அப்பா.

"வாற விளையாட்டுப் போட்டிக்குப் பந்தல் சாமான் முழுவதையும் பீலெஃபெல்டில இருந்து தன்ட வான் வண்டியில ஏத்திக்கொண்டு வர முன்வந்திருக்கும் சிவம் அண்ணைக்கு, எங்கள் சங்கத்தின் மனமார்ந்த நன்றிகள்!"

அப்பா வாயில வடை. மண்டபம் முழுக்கக் கைதட்டு. மனுசன் எழும்பி, எல்லாப் பல்லும் தெரியச் சிரிச்சு, கையைக் கூப்பினார். காருக்குள்ள ஏறின உடனே துவங்கினார்: "நான் எப்ப முன்வந்தனான்? கதிரையிலயெல்லோ குந்தியிருந்தனான்! உவன் குணத்துக்கு நான் காட்டுறன்." கெல்சென்கிர்ச்சன் வந்து சேருமட்டும் பேச்சு. அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரிச்சுக்கொண்டு இருந்தா.

ஆனால் பந்தல் சாமான் வந்தது. ஒரு தடியும் குறையாமல் வந்தது. பேந்து ஒவ்வொரு வருசமும் அப்பாதான் கொண்டு வந்தார். வேற ஆரும் கேட்டால், "அது என்ட பொறுப்பு" எண்டு நெஞ்சை நிமிர்த்துவார்.

சபையில ஒரு கைதட்டு

இப்ப மேடைக்குத் திரும்பி வருவம். அமைச்சர் தனக்குப் பின்னால திரும்பிப் பார்த்துப்போட்டு, நான்தான் அவரைச் சொல்லுறன் எண்டு விளங்கி, சந்தேகத்தோட சிரிக்கிறார். நான் விடேல்லை.

"விண்ணப்பத்தை நேரத்துக்குக் குடுத்த ஒரு தாதியையும், ஒரு பஸ் சாரதியையும், டெர்மின் கிடைக்கேல்லை எண்டதுக்காக வேலையில இருந்து நிப்பாட்டத் தேவையில்லை எண்டு உறுதியா நிக்கிற அமைச்சருக்கு நன்றி!"

ஆளுங்கட்சிப் பக்கத்தில, ரெண்டாம் வரிசையில ஒரு மனுசன் கைதட்டினார். பழக்க தோசம். தங்கட அமைச்சரைப் புகழுறதைக் கேட்டால் கை தானா எழும்பும். அவர் தட்ட, பக்கத்தில இருந்தவ தட்டினா. பேந்து வரிசை வரிசையாத் தட்டினவை. நான் இன்னும் ஒரு படி ஏத்தினன். "அலுவலகங்களின்ட தாமதத்துக்கு உழைக்கிற மனுசரைத் தண்டிக்க விடமாட்டன் எண்ட அவரின்ட மனத்திடத்துக்கு நன்றி!" இன்னும் பலமாத் தட்டினவை. என்ட பக்கத்தில இருந்து மட்டும் ஒரு குரல்: "இஞ்ச என்ன நடக்குது?" அது ஹோல்கர். சபைக் குறிப்பில அதுவும் பதிஞ்சிருக்கு, இப்பவும் போய் வாசிக்கலாம்.

சிவப்பு விளக்கு வந்தது. அப்பதான் தண்ணியைக் குடிச்சன். வாய் உலர்ந்துபோய்க் கிடந்தது, அவ்வளவு பயம். மனுசன் எழும்பி, "நான் அப்பிடி ஒண்டும் சொல்லேல்லை" எண்டால் கதை முடிஞ்சுது. ஜெசிந்தாவுக்குத் திங்கட்கிழமை இல்லை.

அமைச்சருக்குப் பின்னால இருந்த அதிகாரி குனிஞ்சு காதில ஏதோ சொன்னார். சட்டம் என்ன சொல்லுது எண்டதாத்தான் இருக்கும். அமைச்சர் தலையாட்டிக்கொண்டு மேடைக்குப் போனார். புதுக் கிளாஸ் வந்தது.

"எதிர்க்கட்சி எனக்கு நன்றி சொல்லுற நாள் அடிக்கடி வாறதில்லை," எண்டார். சபை சிரிச்சுது. "நாங்கள் என்ன செய்யிறம் எண்டதைக் கடைசியிலயாவது ஒராள் விளங்கிக்கொண்டா."

இங்க ஒரு வழக்கம் இருக்கு. ஒராள் மேடையில பேசேக்க, கீழ இருக்கிற இன்னொராள் பொத்தானை அமத்தி இடையில கேள்வி கேக்கலாம். ஆனால் பேசுறவர் சம்மதிக்க வேணும். இந்த அமைச்சர் எனக்கு மட்டும் சம்மதிக்கவே மாட்டார். முந்தி ஒருக்கா, ஆபத்து வந்தால் ஊருக்கு ஊதுற அபாயச் சங்குகள் எல்லாம் புதுப்பிச்சாச்சு எண்டு அவர் பெருமை அடிக்கேக்க, "உங்கட சொந்த ஊர்ச் சங்கு ஊதுதோ?" எண்டு கேட்டுப்போட்டன். மனுசனுக்குத் தெரியேல்லை. அண்டையில இருந்து என்ட பேரைக் கேட்டாலே "இல்லை, நன்றி."

நான் பொத்தானை அமத்தினன்.

சபைத் தலைவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலால அவரைப் பார்த்தார். "அமைச்சர் அவர்களே, உறுப்பினர் பவானியின்ட கேள்வியை அனுமதிக்கிறீங்களோ?"

இப்பத்தான் வாயாரப் புகழ்ந்தவளுக்கு எப்பிடி இல்லை எண்டுறது? அவரின்ட கட்சிக்காரர் எல்லாம் பல்லைக் காட்டிக்கொண்டு இருக்கினம். "மகிழ்ச்சியோட," எண்டார்.

நான் எழும்பினன். "அப்பிடியெண்டால் அமைச்சர் அவர்களே, கார்ட் முடிய முதல் விண்ணப்பிச்ச ஒரு தாதி திங்கட்கிழமை காலமை வேலைக்கு வந்தால், தாள் இல்லை எண்டு ஆஸ்பத்திரி அவவைத் திருப்பி அனுப்பத் தேவையில்லைத்தானே?"

கேள்வி கேட்டவர் பதில் முடியுமட்டும் நிக்கவேணும். அதுவும் வழக்கம். நான் நிண்டன்.

அவர் என்னை வடிவாப் பார்த்தார். எங்கயோ ஒரு இடத்தில அவருக்கு என்ட சூட்சுமம் மணந்திருக்கவேணும். ஆனால் நன்றி வாங்கியாச்சு, கைதட்டும் வாங்கியாச்சு.

"தேவையில்லை," எண்டார். "நேரத்துக்கு விண்ணப்பிச்ச ஆள் வேலை செய்யலாம். அது சட்டம். தாள் கையில இல்லாட்டியும் அதுதான் சட்டம். எல்லா முதலாளிமாரும் இதைத் தெரிஞ்சு வைச்சிருக்கலாம்."

"நன்றி," எண்டு சொல்லிப்போட்டு இருந்தன். அந்த நன்றி உண்மையான நன்றி.

தோத்த பிரேரணை

வாக்கெடுப்பில என்ட பிரேரணை தோத்தது. அமைச்சர்தான் எல்லாம் தெளிவாச் சொல்லிப்போட்டாரே, பிறகென்னத்துக்குப் பிரேரணை, "தேவையற்றது" எண்டு எதிர்த்துக் கை உயர்த்தினவை. நான் ஆதரவாக் கை உயர்த்திக்கொண்டே சிரிப்பை அடக்கப் பட்ட பாடு கடவுளுக்குத்தான் தெரியும்.

வெளியில ஹோல்கர் பிடிச்சுக்கொண்டார். முகம் சிவந்துபோய் நிண்டார். "நாங்கள் எதிர்க்கட்சி, பவானி! நன்றி சொல்லவே உன்னை மேடைக்கு அனுப்பினது? அடுத்த உள்நாட்டு விவாதத்தில நீ பேசக்கூடாது, விளங்குதோ?"

விளக்கம் சொன்னன், கேக்கிற நிலையில இல்லை. சொன்ன மாதிரியே அடுத்த விவாதத்தில என்னைக் கடைசிக் கதிரையில இருத்தி வைச்சார். பேசத் தெரிஞ்சவளை வாயை மூடிக்கொண்டு இருக்கச் சொல்லுறது எவ்வளவு பெரிய தண்டனை எண்டு என்ட வீட்டுக்காரரைக் கேளுங்கோ.

எங்கட சபை நடக்கிறதெல்லாம் இணையத்தில நேரடியாப் போகும், பதிஞ்சும் கிடக்கும். அமைச்சர் பதில் சொன்ன துண்டை மட்டும் வெட்டி ஜெசிந்தாவுக்கு அனுப்பினன். வியாழக்கிழமை அவ அதை ஆஸ்பத்திரி எச்.ஆர். மேடத்துக்குக் காட்டியிருக்கிறா. அந்த அம்மா ஒருக்காப் பார்த்து, கண்ணாடியைப் போட்டுத் திரும்பப் பார்த்து, மேல ஆருக்கோ தொலைபேசி எடுத்து, "அமைச்சரே சொல்லுறார்" எண்டு சொல்லியிருக்கிறா.

திங்கட்கிழமை காலமை ஜெசிந்தாவிட்ட இருந்து ஒரு குரல் பதிவு வந்தது. பின்னால கட்டில் தள்ளுற சத்தம், ஆரோ ஒரு கிழவர் ஜேர்மனில கத்துற சத்தம். "அக்கா, ட்யூட்டில இருக்கேன்." அவ்வளவுதான். ரயிலுக்குள்ள இருந்து அதைக் கேட்டன். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ரெண்டையும் ஒண்டாச் செய்தன், பார்க்கிறவை பார்க்கட்டும் எண்டு.

அமைச்சர் ஆள் மோசமில்லை. கொஞ்ச நாளுக்குப் பிறகு உணவறையில பட்டாணிக் கஞ்சிக்கு வரிசையில நிக்கேக்க எனக்குப் பின்னால வந்து நிண்டார். "அண்டைக்கு நீங்கள் எனக்கு நன்றி சொல்லேக்க நான் அதைச் செய்திருக்கேல்லை," எண்டு மெல்லமாச் சொன்னார்.

"ஓம். செய்வியள் எண்டு தெரியும்," எண்டன்.

மனுசன் சிரிச்சுப்போட்டுத் தன்ட தட்டில கிடந்த பாண் ரொட்டித் துண்டை என்ட தட்டில வைச்சார். ஏனெண்டு இண்டைக்கும் எனக்கு விளங்கேல்லை.

வடை வாயில இருக்கேக்க

இவ்வளவோட கதை முடிஞ்சுது எண்டுதான் நானும் நினைச்சன்.

கொலோன் சங்கத்து விழாவுக்கு அந்த வருசம் ஜெசிந்தாவைக் கூட்டிக்கொண்டு போனன். வீட்டுக்காரரும் மகளும் வந்து சேர்ந்திட்டினம். மகள் மண்டபம் முழுக்க ஓடித் திரிஞ்சுது. குணம் அண்ணைக்கு இப்ப குரல் இல்லை, முன் வரிசையில இருந்தார். இந்த முறை நன்றியுரையைப் புதுசா வந்த ஒராள் சொல்லட்டும் எண்டு சங்கத்தில முடிவெடுத்திருந்தினம். ஜெசிந்தா ஏறினா. நான் அப்பாவுக்குப் பக்கத்தில இருந்து வடை சாப்பிட்டுக்கொண்டு கேட்டன்.

சமைச்சவைக்கு நன்றி, ஆடினவைக்கு நன்றி, மண்டபம் தந்தவைக்கு நன்றி.

"கடைசியா, நம்ம பவானி அக்கா. ஒவ்வொரு மாசமும் முதல் சனிக்கிழமை இதே மண்டபத்துல உக்காந்து, டெர்மின் கிடைக்காம கஷ்டப்படுற எல்லாரோட பிரச்சனையையும் பார்க்கிறதுக்கு முன்வந்திருக்காங்க. அக்காவுக்கு நம்ம எல்லாரோட மனமார்ந்த நன்றி!"

நான் எங்கயும் முன்வரேல்லை! கதிரையிலயெல்லோ இருந்தனான்!

மண்டபம் அதிரக் கைதட்டினவை. பின் வரிசைகளில, கையில கோப்போட வந்திருந்த ஆக்களை அப்பதான் கண்டன். ஒரு பெடியன், ஒரு தாய், கைக்குழந்தையோட ஒரு சோடி. அவையும் தட்டினவை, என்னையே பார்த்துக்கொண்டு. குணம் அண்ணை முன் வரிசையில இருந்து திரும்பிப் பார்த்து ஒற்றைக் கண்ணைச் சிமிட்டினார். ஜெசிந்தாவுக்கு ஆர் சொல்லிக் குடுத்தது எண்டு நான் கேக்கத் தேவையில்லாமல் போச்சு.

அப்பா முழங்கையால என்ட விலாவில இடிச்சார். இவ்வளவு புளுகமும் சந்தோசமுமா அந்த மனுசனை நான் கண்டதே இல்லை.

"எழும்படி பிள்ளை," எண்டார். "எழும்பிச் சிரி. எல்லாப் பல்லும் தெரியச் சிரி."

எழும்பினன். சிரிச்சன். கையையும் கூப்பினன்.

இதை எழுதி முடிச்சுப்போட்டுக் கொலோனுக்கு ரயில் பிடிக்கவேணும். நாளைக்கு மாசத்தின்ட முதல் சனிக்கிழமை. மண்டபத்துச் சாவி என்னட்டத்தான் இருக்கு.